நாலு தந்தியும் நம்ம பொழுதும்

(கலை இலக்கியப் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து பஞ்சமி நிலம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இடஒதுக்கீடு என்று கனமாகப் பேசிக்கொண்டிருந்த மேடை இது. இப்போது நான் வந்து பேஸ் கிட்டாரைப் பற்றியும், ப்ராக்ரஸிவ் ராக் என்று வெள்ளைக்காரன் பேர் வைத்திருக்கிற ஒரு இசையைப் பற்றியும் பேசப்போகிறேன். அமர்வை ஒருங்கிணைக்கிற தோழர் தலைப்பைக் கேட்டுவிட்டு, "இதுல அரசியல் வருமா?" என்றார். வராம எங்க போகும்?

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க கிட்டார் மாதிரி இருக்கும். ஆறுக்குப் பதில் நாலு தந்தி, அதுவும் சைக்கிள் பிரேக் கம்பி தடிமனுக்கு. கழுத்து நீளம். பாலத்துக்கும் தலைக்கும் நடுவில் தந்தி அதிர்கிற தூரம் 34 அங்குலம். ஆகத் தடித்த தந்தியை மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. மனிதக் காது 20 அதிர்வுக்குக் கீழே கேட்காது என்பார்கள். ஆக நாம் வேலை செய்வது காது கேட்கிற எல்லையின் அடிவாரத்தில். சேரி ஊருக்கு வெளியில இருக்கிற மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அதுவரைக்கும் ஆளுயரத்துக்கு நிற்கிற மரப் பேஸ்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது, தாளக் கருவியும் ஊதுகுழலும் சேர்ந்து கத்தும்போது அது கேட்கவும் கேட்காது. ஃபெண்டர் கழுத்தில் குறுக்குக் கம்பிகளைப் பதித்தார், மின்சாரத்தில் இணைத்தார். விரலை எங்கே வைத்தால் சுரம் துல்லியமாக வரும் என்று காது தேடவேண்டியதில்லை, கம்பி காட்டிக்கொடுக்கும். அதனால்தான் 'ப்ரிசிஷன்' என்று பெயர். காது மட்டும் சார்ந்த, குருவுக்குப் பின்னால் பதினைந்து வருஷம் திரிந்து வாங்கவேண்டிய ஒரு வித்தையில் பாதியை எந்திரம் தன் கையில் வாங்கிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவியின் சத்தம் நம் வீடுகளுக்குள் ரொம்ப நாள் வரவில்லை. உள்ளங்கை அகல டிரான்சிஸ்டர் ஸ்பீக்கரால் 41 அதிர்வைத் தள்ளவே முடியாது. அது மேலே இருக்கிற குரலையும் வயலினையும் கொடுக்கும், அடியில் இருப்பதை வெட்டிவிடும். சினிமாப் பாட்டைப் பல வருஷம் நாம் அடி இல்லாமல்தான் கேட்டிருக்கிறோம். பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தவன் வீட்டில் முழுப் பாட்டு, நம் வீட்டில் முக்கால் பாட்டு. கேட்பதிலேயே வர்க்கமும் சாதியும் உண்டு என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். கல்லூரி விடுதியில் அறை நண்பனின் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி 'மூடுபனி' (1980) படத்துப் பாட்டு ஒன்றைக் கேட்டபோதுதான், அதுவரை நூறு தரம் கேட்ட பாட்டுக்கு அடியில் இன்னொருத்தர் தனியாக, குரலுக்குச் சமமாக, வேறொரு பாட்டு பாடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் சும்மா தாளத்துக்கு முட்டுக்கொடுக்காது, தனக்கென்று ஒரு பாதையில் நடக்கும். நாம் அவரைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், அவர் தன்னை எப்படி அடையாளப்படுத்துகிறார், ஏன் மறுக்கிறார் என்பதெல்லாம். அந்த அடித்தந்தியைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

சரி. நான் இதைக் கையில் எடுத்தது நாற்பது வயதுக்கு மேல். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இரண்டாம் கைக் கருவி ஒன்றை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். சின்ன ஆம்ப்ளிஃபயர் அதற்கப்புறம் ஒரு போனஸில் வந்தது. யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை, கச்சேரி கிடையாது, காசு கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். இதற்குத்தான் பொழுதுபோக்கு என்று பெயர். இந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களோடு சண்டை போடப்போகிறேன்.

நம் தோழர்கள் என்னைப் பார்த்து வழக்கமாகக் கேட்பது, "பறை இருக்கும்போது உனக்கு எதுக்குய்யா இது?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு ஆதிக்க சாதிக்காரர் வேறு விதமாகச் சொன்னார். நான் கிட்டார் கற்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உங்களுக்கென்னங்க, உங்க ஆளுங்களுக்கு இசை ரத்தத்துலயே இருக்கே!" என்றார். பாராட்டு! முகத்தில் சிரிப்பு வேறு. தோழரின் கேள்வியும் அவருடைய பாராட்டும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் போய் நிற்கிற இடம் ஒன்றாக இருக்கிறதே என்பதுதான் என் கவலை. உன் கருவி இது, உன் ரத்தம் இது.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை தோழர்களே. என் ரத்தத்தில் தாளம் இருந்திருந்தால் ஏழு தட்டை நிலையாகப் பிடிக்க எனக்கு எட்டு மாசம் ஆகியிருக்காது.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 இசைத்தட்டில் பணத்தைப் பற்றி 'மனி' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஆரம்பத்தில் கல்லாப்பெட்டிச் சத்தம், நாணயச் சத்தம், அதற்கப்புறம் பேஸ். ரோஜர் வாட்டர்ஸ் வாசிப்பு. கற்றுக்குட்டிகள் எல்லோரும் முதலில் அதில்தான் கைவைப்போம், ஏனென்றால் சுரங்கள் எளிது. ஆனால் அது ஏழு தட்டு. ராக் பாட்டு, சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு எல்லாமே பெரும்பாலும் நாலு நாலாகப் போகும், நம் காலும் நாலு நாலாகவே ஆடிப் பழகியிருக்கிறது. ஏழில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு குறையும், தரை இருக்கும் என்று கால் வைத்தால் படி இருக்காது. நான் 'தகதிமி தகிட' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வாசித்தேன். மெட்ரோனோமை அறுபதில் வைத்து, விரலில் காய்ப்பு ஏறி, காய்ப்பு உரிந்து, மறுபடி ஏறி. இதே பாட்டில் நடுவில் கிட்டார் தனியாக வாசிக்க ஆரம்பிக்கும்போது தாளம் நாலுக்கு மாறிவிடும். ஏழில் அவ்வளவு சிரமப்பட்டு நின்றவனுக்கு அந்த நாலு வந்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். திரும்ப ஏழுக்குப் போகவேண்டும். அந்த இரண்டு மாற்றங்களையும் முதன்முதலாகத் தடுக்கி விழாமல் கடந்த ராத்திரி, சொன்னா நம்ப மாட்டீங்க, சம்பளக் கமிஷன் நிலுவை வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

கருப்பர்களைப் பார்த்தும் இதே 'ரத்தத்தில் தாளம்' கதையைத்தான் சொன்னார்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர். பேஸ் கிட்டாரைப் பற்றி யார் எங்கே பேசினாலும் அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1936-ல் தெற்கு கரோலினாவில், எடிஸ்டோ தீவில் பிறந்தவர். சிறுவயதில் ஒரு குச்சியில் ரப்பர் பட்டையைக் கட்டி, எறும்புப் புற்றில் நட்டு மீட்டினார், எறும்புகளை ஆடவைக்க என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1954-ல் டெட்ராய்ட் போனார், கார்த் தொழிற்சாலைகளின் நகரம். அங்கே பள்ளிக்கூடத்தில் மரப் பேஸை முறைப்படி கற்றார். கவனியுங்கள், பள்ளிக்கூடத்தில். ரத்தத்தில் அல்ல. 1959 வாக்கில் மோடவுன் என்ற கருப்பர் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல், அதற்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். அந்த ஒரு விரலில் அவர் வாசித்ததை இரண்டு விரலில் வாசிக்க இன்றைக்கும் மூச்சு வாங்குகிறோம். அறுபதுகளில் அமெரிக்கா முழுக்க ஆடிய பாட்டுகளில் எத்தனையோ பாட்டின் அடியில் இருந்தது அவர். ஆனால் இசைத்தட்டு உறையில் பெயர் கிடையாது. பாடகர் பெயர் உண்டு, நிறுவனத்தின் பெயர் உண்டு. மார்வின் கேயின் 1971-ம் வருஷத்து இசைத்தட்டில்தான் முதல்முதலாக வாசித்தவர்கள் பெயரெல்லாம் அச்சாகிறது. அடுத்த வருஷமே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறிவிட்டது. 1983-ல் அந்த நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கொண்டாட்டம் தொலைக்காட்சிக்காக நடந்தபோது அவருக்கு அழைப்பு இல்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார் என்பார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் செத்துப்போனார். வயது 47.

நமக்கு இது புதுக் கதையா? மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றையும் வெட்டி, இழுத்துக் கட்டி, சுருதிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் தலித்துகள், பலர் தலித் கிறித்துவர்கள். அதை மடியில் வைத்து வாசித்தவர்களின் பெயர் மட்டும் நூறு வருஷமாகப் பத்திரிகையில் வருகிறது. செய்தவர்களின் பெயர் ஒரு முழுப் புத்தகமாக வர 2020 வரை ஆனது, டி.எம். கிருஷ்ணாவின் 'செபஸ்டியன் அண்ட் சன்ஸ்'. அந்தப் புத்தக வெளியீட்டுக்கு இடம் கொடுத்த கலை நிறுவனம் கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது, வேறிடத்தில் வெளியிட்டார்கள். மிருதங்கத்தின் இடதுபக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் அதில் ரவையைக் குழைத்து அப்புவார்கள், சத்தம் கீழே இறங்குவதற்காக. அதாவது அவர்களுக்கும் பேஸ் வேண்டும். சத்தம் கீழிருந்து வரலாம், அதைச் செய்தவன் மட்டும் மேலே வரக்கூடாது.

ஜேமர்சன் பிறந்த எடிஸ்டோ தீவுக்குத் திரும்பிப் போகலாம், அங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே கடலோரத்தில்தான் ஸ்டோனோ ஆறு ஓடுகிறது. 1739 செப்டம்பரில் அங்கே அடிமைகள் எழுந்தார்கள். கொஞ்சம் பேராக ஆரம்பித்து, முரசு அடித்துக்கொண்டு நடந்தார்கள், முரசுச் சத்தம் கேட்டு வழியில் ஆட்கள் சேர்ந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு வருஷம், 1740-ல், தெற்கு கரோலினாவில் புதிய அடிமைச் சட்டம். அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, ஊதக்கூடாது. முரசு போனபின் அந்த மக்கள் கையையும் காலையும் மார்பையும் தட்டித் தாளத்தைக் காப்பாற்றினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே முரசு தடை செய்யப்பட்டது. இங்கே முரசு கட்டளையிடப்பட்டது. அங்கே அடித்தால் தண்டனை. இங்கே அடிக்காவிட்டால் தண்டனை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஊர்க்கட்டுப்பாடு, டீக்கடை விலக்கம், குடிசை எரிப்பு என்று பார்த்த சனம் நாம். கருப்பருக்குக் கருவியைத் திரும்ப எடுப்பது விடுதலை. நமக்குக் கருவியைக் கீழே வைப்பதும் விடுதலையாக இருந்தது. அதனால்தான் தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் அவ்வளவு பெரிய சண்டை நடந்தது: பறையைத் தூக்கி எறிவதா, விடுதலையின் முரசாக மாற்றுவதா என்று. கொளுத்தினவர்களும் உண்டு, மேடையில் ஏற்றினவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. பெண்கள் பறையை இடுப்பில் கட்டி ஆடி அதைச் சாவு வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தபோது நானும் நின்று கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த விவாதத்தில் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை. அடிமைத்தனத்துக்காகவும் வாசிக்காமல், விடுதலைக்காகவும் வாசிக்காமல், சும்மா வாசிக்க ஒரு தலித்துக்கு உரிமை உண்டா? ஊருக்காக அடித்தோம், இப்போது இயக்கத்துக்காக அடிக்கிறோம். தனக்காக?

இந்தச் 'சும்மா'வை நான் அண்ணலிடமிருந்துதான் எடுக்கிறேன். 1945-ல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன' நூலில் காந்தியத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. கைராட்டை, கிராமம், எந்திர எதிர்ப்பு இதையெல்லாம் வரிசையாகக் கிழித்துவிட்டு அவர் ஓய்வு என்கிற விஷயத்துக்கு வருகிறார். மிருகத்துக்கு வயிறு நிறைந்தால் போதும். மனிதனுக்குப் பண்பாட்டு வாழ்க்கை வேண்டும், அதற்கு ஓய்வு வேண்டும், உடல் உழைப்பிலேயே நாள் முழுக்கத் தீர்ந்துபோகிறவனுக்கு ஓய்வு எங்கிருந்து வரும், எந்திரம்தான் தரவேண்டும் என்பது அவர் வாதம். பழைய சமூகத்தில் சிலருக்கு ஓய்வு இருந்தது, பலருடைய முதுகின்மேல். எல்லோருக்கும் ஓய்வு என்பது சனநாயகத்தின் கோரிக்கை. ரொட்டியைப் பற்றி, நிலத்தைப் பற்றி, வாக்கைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். பொழுதைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டோம்.

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் வயலின் கற்றார். யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோய், மூட்டுவலி, 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதி முடிக்கவேண்டிய அவசரம், பௌத்தத்துக்குப் போகவேண்டிய ஏற்பாடு. அந்த மனுஷன் உட்கார்ந்து வயலினில் வில்லை இழுக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். வயலினால் எந்தச் சட்டத்தை நிறைவேற்ற முடியும்? நம் சுவரொட்டிகளில் அவர் கையில் புத்தகம் இருக்கிறது, ஒரு விரல் நீண்டிருக்கிறது. வயலினோடு ஒரு சுவரொட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி ப்ராக்ரஸிவ் ராக். இதைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போகமுடியாது, ஏனென்றால் இதன் பிறப்பு அப்படி. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்து. கருப்பர்களின் ப்ளூஸை எடுத்து ராக் ஆக்கிக் காசு பார்த்த வெள்ளை இளைஞர்களில் ஒரு பகுதியினர், ஐரோப்பிய செவ்வியல் இசை, ஜாஸ், தேவாலயப் பாட்டு எல்லாவற்றையும் கலந்து நீள நீளமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். 1969-ல் கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் இசைத்தட்டு. ஜெனிஸிஸ் குழுவைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளியில் படித்த பையன்கள். நம்மூரில் ஊட்டி விடுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழு ஆரம்பித்த மாதிரி. நாலு நிமிஷப் பாட்டு இருபது நிமிஷம் ஆனது. கோட்டை, மந்திரவாதி, கிரேக்கப் புராணம். ப்ளூஸின் வியர்வையைத் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு, அதில் பாதி உண்மை. ஆனால் ப்ளூஸை வியர்வையோடு வாசித்தவர்கள் யோக்கியர்களா என்றால், அந்த வித்தையில் உச்சத்தில் இருந்த எரிக் கிளாப்டன் 1976-ல் பர்மிங்ஹாம் மேடையிலேயே குடியேறிகளுக்கு எதிராக இனவெறி பேசினார். அதைக் கண்டித்துத்தான் 'ராக் அகென்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. வேர் எது என்பதை வைத்து மட்டும் ஒரு ஆளின் அரசியலைச் சொல்லிவிட முடியாது.

எனக்கு மிகப் பிடித்த பேஸ் கலைஞர் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையர், 1948-ல் பிறந்து 2015-ல் காலமானவர். லண்டனில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். ரிக்கன்பேக்கர் கருவியைப் பிளெக்ட்ரமால், விரலால் அல்ல, இரும்பு மாதிரிக் கணீரென்று அடிப்பார். அவரிடம் பேஸ் யாருக்கும் பின்னால் நிற்காது. 1972-ல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தட்டில் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அதில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தனிக் கதை கிடைக்கும். சரி, அடுத்த வருஷம் இந்த ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஒரு அடிக்குறிப்பைப் படிக்கிறார். இந்துச் சாத்திரங்கள் நாலு வகை: ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். உடனே நாலு பக்கம் கொண்ட இரட்டை இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒரு சாத்திரம், மொத்தம் எண்பது நிமிஷம். 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்', 1973.

(சிரிப்பு)

சிரிக்காதீங்க, இனிமேதான் இருக்கு. ஸ்மிருதி! 1927 டிசம்பர் 25-ல் மகாடில் எரிக்கப்பட்டது எது? லண்டனில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையனுக்கு ஸ்மிருதி என்றால் ஆன்மிகம், பிரபஞ்சம், கடல். நம் முதுகுக்கு ஸ்மிருதி என்றால் என்ன என்பது அவனுக்கு எப்படித் தெரியும், அந்த அடிக்குறிப்பில் அது இல்லையே. பார்ப்பனியம் கடல் தாண்டி ஏற்றுமதியாகும்போது எப்போதும் அடிக்குறிப்பாக, ஊதுபத்தி வாசனையோடுதான் போகிறது. அந்தக் குழுவிலேயே ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன். மான்செஸ்டர் கச்சேரியில் இந்த இசைத்தட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது, தனக்கு வேலையில்லாத இடத்தில் சலிப்புத் தாங்காமல் மேடையிலேயே கோழி விந்தலு வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974-ல் குழுவை விட்டும் போய்விட்டார். சாத்திரம் ஓதப்படும்போது மேடையில் உட்கார்ந்து கறி தின்ற மனுஷனை நம் அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் முன்மொழிகிறேன்.

ஆனால் சிக்கல் இங்கேதான். அந்த நாலாவது பக்கத்தில் ஸ்குவையரின் தனிப் பேஸ் வாசிப்பு ஒன்று வருகிறது. அதன் அழகை என்னால் மறுக்க முடியவில்லை. சாத்திரத்தின் பெயரால் கட்டப்பட்ட அந்தக் கட்டிடத்துக்குள் அந்த ஒரு அறை எனக்கு வேண்டும். தூக்கி எறி என்று ஒருவர் சொல்லலாம். அப்படிப் பார்த்தால் நான் தமிழில் எதைப் படிப்பது, எதைக் கேட்பது? பக்தி இலக்கியத்தை, கர்நாடக சங்கீதத்தை, சினிமாவை, எதைத் தொட்டாலும் அதற்கடியில் யாரோ ஒருத்தன் நம்மைத் தள்ளிவைத்திருக்கிறான். நம்மை வெறுக்காத அழகை மட்டுமே ரசிப்பது என்று முடிவெடுத்தால் ரசிப்பதற்கு மிஞ்சுவது சொற்பம். நான் அந்த வாசிப்பை எடுத்துக்கொள்கிறேன், அடிக்குறிப்பை அங்கேயே விட்டுவிடுகிறேன். கோயிலுக்குள் போகும் உரிமையைக் கேட்டவனுக்குச் சாமி கும்பிடும் கட்டாயம் இல்லை, இல்லையா?

ரஷ் என்று கனடாவில் ஒரு குழு. பேஸ் வாசித்துக்கொண்டே பாடி, காலால் கீபோர்டும் மிதிக்கிற கெடி லீ என்பவரின் அப்பா அம்மா இருவரும் ஆஷ்விட்ஸ் முகாமைப் பார்த்துத் தப்பி வந்த யூதர்கள். அதே குழு 1976-ல் அய்ன் ராண்டின் தனிமனித வாதத்துக்கு உறையிலேயே நன்றி சொல்லி ஒரு இசைத்தட்டு போட்டது. அரசியலில் எனக்கு அது கசப்புதான். ஆனால் 1981-ல் அவர்கள் போட்ட ஒரு வாசிப்பு இருக்கிறது, டொராண்டோ விமான நிலையத்தின் அடையாள எழுத்துகளை மோர்ஸ் தந்தியில் தட்டினால் என்ன தாளம் வருமோ அந்தத் தாளத்தில் ஆரம்பிக்கும். தந்தியில் தந்தி! தந்தி ஆபீசே நம் நாட்டில் 2013-ல் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் சங்கத் தோழர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டு எழுத்துகளைச் சரியாகச் சொன்னார். இசை எப்படி என்று கேட்டால் பதில் இல்லை, "வேகம் கம்மி, எங்க சர்வீஸ்ல இதவிட ஸ்பீடா அடிப்போம்" என்றார்.

கருப்பர்கள் இந்த இசையை விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ராக் என்றால் வெள்ளை, கருப்பன் என்றால் வேறு கடைக்குப் போ என்று நிறுவனங்கள் பிரித்து வைத்திருந்தபோது, 1985-ல் நியூயார்க்கில் 'பிளாக் ராக் கொயலிஷன்' என்ற அமைப்பை கிட்டார் கலைஞர் வெர்னன் ரீடும் தோழர்களும் தொடங்கினார்கள். எங்கள் மூதாதையர் செய்த இசை, அதை எந்த வடிவத்திலும் வாசிக்க எங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதுதான் சாரம். அவருடைய லிவிங் கலர் குழுவின் முதல் இசைத்தட்டு 1988-ல் வந்தது. அதே வருஷம் கிங்ஸ் எக்ஸ் குழு, பேஸும் பாட்டும் டக் பின்னிக் என்ற கருப்பர், சிக்கலான தாளம், தேவாலயக் குரல். இன்றைக்கு எட்டுத் தந்திக் கிட்டாரில் இந்த வகை இசையை எங்கேயோ கொண்டுபோயிருக்கிற டோசின் அபாசி நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். நம் பக்கத்தில் 2017-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறியபோது கானாவும் சட்டியும் கட்டமோளமும் ஒரு பக்கம், மின் கிட்டார் ஒரு பக்கம். நமக்குரிய கருவி எது என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஒரு சின்ன விஷயம், அம்மாக்களும் தங்கச்சிகளும் இங்கே இருப்பதால். நான் ராத்திரி முக்கால் மணி நேரம் வாசிக்கிறேன் என்று சொன்னேனே, அந்த நேரத்தில் என் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்று என் மனைவி ஒருநாள் கேட்டார். ஓய்வைப் பற்றி அண்ணல் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன், அவர் அதையே எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வாசிப்பு. மறுநாள் அந்த முக்கால் மணி நேரம் அவருடையது. என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை.

வாடகை வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் சத்தம் காதில் கேட்பதைவிடச் சுவரில் அதிகம் போகும், கீழ் அதிர்வு கல்லைத் தாண்டும். முன்பு இருந்த வீட்டில் உரிமையாளர் வந்து, "என்ன, மோளம் கீளம் அடிக்கிறீங்களா?" என்றார். மோளம் இல்லை, கிட்டார் என்றதும் முகம் மாறிச் சிரித்தார், பையன் படிக்கிறானா என்று கேட்டார். மோளம் என்றால் காலி செய்யவேண்டும், கிட்டார் என்றால் காபி. இரண்டு மாசத்தில் எங்கள் சாதி தெரிந்ததும் கிட்டாரும் மோளமாகிவிட்டது. வேறு வீடு பார்த்தோம். இப்போது ஹெட்ஃபோன்தான்.

விலை என்ன, எங்கே கற்பது என்று இளைஞர்கள் சிலர் உணவு இடைவேளையில் கேட்டார்கள். புதுக் கருவியே வேண்டும் என்பதில்லை. தேவாலயங்களில் வாசிக்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பழைய கருவி அவர்களிடம் கைமாறும். கழுத்து வளைந்திருக்கிறதா என்று மட்டும் கண்ணை ஓரமாக வைத்துப் பாருங்கள். முதல் மூன்று மாசம் ஒரே சுரத்தை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி, சத்தம் ஒன்றுபோல வரும்வரை. மற்ற தந்திகள் முனகாமல் அடக்கக் கற்றுக்கொள்வதுதான் பாதி வித்தை, அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

பறைக் குழுத் தோழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்கள் அடிகளில் ஏழும் ஐந்தும் தாராளமாக வருகிறது, பெயர்தான் வேறு. நான் ஆம்பை எடுத்துக்கொண்டு போகிறேன். அவர்கள் பறையைக் காய்ச்சத் தீ மூட்டும் நேரத்தில் நான் வயரைச் செருகித் தந்தியை முறுக்குகிறேன். இதுவரை ஒரு பாட்டும் தேறவில்லை. போன வாரம் பத்து நிமிஷம் ஒன்றாகப் போனோம், அப்புறம் கரண்ட் போய்விட்டது, அவர்கள் நிறுத்தவில்லை.